பள்ளி, சங்கக் குரூப் போட்டோக்களை எப்படி, எவ்வளவு காலம் வைத்திருக்கலாம்? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தில், கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், கோவிந்தாபுரம் என எல்லையை ஒட்டியிருக்கும் ஊர்களில், தமிழ்வழி வகுப்புகள் உள்ள பள்ளிகளும் வாசகசாலைகளும் திருவிழாக் கமிட்டிகளும் அயல்கூட்டங்களும் (குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்கள்) தங்கள் குரூப் போட்டோக்களைக் கணினியில் ஏற்றிவைத்து வருகின்றன. தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு, பி.டி.ஏ. (பெற்றோர் ஆசிரியர் சங்க) கூட்டங்களிலும் பழைய மாணவர் சந்திப்புகளிலும் இது பற்றித் திரும்பத் திரும்ப எழும் கேள்விகளுக்கான விடைகள் இங்கே தரப்பட்டுள்ளன. நடைமுறைக்கு உதவும் அளவில் எழுதப்பட்ட விளக்கங்கள் இவை. வழக்கு என்று வந்துவிட்டால் வழக்கறிஞரைத்தான் பார்க்க வேண்டும்.

குரூப் போட்டோ எப்படித் தனிநபர் தரவு ஆகும்?

ஒரு தகவலைக் கொண்டு ஒருவரை இன்னார் என்று அடையாளம் காண முடியுமானால் அது தனிநபர் தரவு என்கிறது டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 2023. வகுப்புப் படத்தில் ஆசிரியருக்கு அடுத்த நாற்காலியில் இருக்கும் பெண் யார் வீட்டுப் பிள்ளை என்று ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள் என்பதால், பெயர் எழுதப்படாத படமும் இந்த வரையறைக்குள் வந்துவிடுகிறது. தனியுரிமை ஓர் அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் அமர்வு 2017 ஆகஸ்ட் 24 அன்று புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்ததும், ஆறு ஆண்டுகளுக்குப் பின் இந்தச் சட்டம் இயற்றப்பட்டதும் ஒரே தொடரின் இரண்டு கண்ணிகள். இந்தச் சட்டம் தரவைச் சாதாரணமானது, நுட்பமானது என்று தரம் பிரிக்கவில்லை. வங்கிக் கணக்கு எண்ணுக்கு உள்ள கடமைகளே வகுப்புப் படத்துக்கும் உண்டு. படத்தை எதற்காக எடுப்பது, அதை என்ன செய்வது என்று முடிவெடுக்கும் பள்ளியோ சங்கமோ தரவுப் பொறுப்பாளர். படத்தில் இருக்கும் ஒவ்வொருவரும் தரவுக்கு உரியவர்.

சட்டம் இப்போதே நடைமுறையில் இருக்கிறதா?

பகுதியளவில் இருக்கிறது. விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. தரவுப் பாதுகாப்பு வாரியத்தை அமைப்பது போன்ற ஏற்பாடுகள் உடனே நடைமுறைக்கு வந்தன. ஒப்புதல், அறிவிப்பு, பாதுகாப்பு, அழித்தல் முதலிய கடமைகளுக்கு அந்த அறிவிப்பு பதினெட்டு மாத அவகாசம் தந்திருப்பதால், அவை 2027 மே மாதத்திலிருந்துதான் கட்டாயமாகின்றன. பழைய படங்களைத் தரம்பிரிக்க இந்த அவகாசம் தாராளமாகத் தோன்றும். ஆனால் இருபது ஆண்டுப் படங்கள் நான்கு பேர் வீட்டுப் பென் டிரைவ்களில் சிதறிக் கிடக்கும் சங்கத்துக்கு அது அவ்வளவு தாராளம் அல்ல.

தலைமையாசிரியர் அறையில் பிரேம் போட்டு மாட்டியிருக்கும் பழைய படங்களுக்கும் இது பொருந்துமா?

சுவரில் தொங்கும் வரை பொருந்தாது. டிஜிட்டல் வடிவில் திரட்டப்பட்ட தரவையும், காகிதத்தில் இருந்து பின்னர் டிஜிட்டலாக்கப்பட்ட தரவையும் மட்டுமே சட்டம் பேசுகிறது. ஆக, எழுபதுகளில் எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தை ஸ்கேன் செய்யும் நொடியில்தான் அது சட்டத்தின் எல்லைக்குள் வருகிறது. பொன்விழா மலருக்காக ஒரே நாளில் நூறு படங்களை ஸ்கேன் செய்து எல்லாவற்றையும் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடும் வழக்கத்தை இந்த ஒரு காரணத்துக்காகவே நிறுத்த வேண்டும்.

ஆய்வுக்காகவும் ஆவணக் காப்புக்காகவும் தரவைக் கையாளுவதற்குச் சட்டத்தின் 17ஆம் பிரிவு விலக்கு அளிக்கிறது. ஆனால் அந்தத் தரவை வைத்துக் குறிப்பிட்ட ஒருவரைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது, தேவைக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, உரிய பாதுகாப்பு இருக்க வேண்டும் என்ற வரையறைகள் உண்டு. ஊர் வரலாற்றுக்காக ஸ்கேன் செய்து பூட்டிவைக்கும் வாசகசாலை இந்த விலக்கைக் கோரலாம். அதே படத்தைப் பள்ளிச் சேர்க்கை விளம்பரப் பிளக்ஸில் அடித்து நிறுத்தினால், காப்பகம் என்ற பெயரைச் சொல்லித் தப்பிக்க முடியாது.

ஆண்டுவிழாவில் பெற்றோர் தங்கள் செல்போனில் எடுக்கும் படங்கள்?

தனிப்பட்ட, வீட்டுத் தேவைக்காக ஒருவர் கையாளும் தரவு சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. தாய் தன் மகளின் நடனத்தை எடுக்கும்போது பக்கத்துப் பிள்ளைகளும் படத்தில் விழுந்தால் அது குற்றமாகாது. அந்தப் படத்தைப் பள்ளி வாங்கித் தன் பக்கத்தில் வெளியிட்டால், அப்போதிலிருந்து பொறுப்பு பள்ளியுடையது.

ஒரு குரூப் போட்டோவை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கலாம்?

எல்லாரும் ஓர் எண்ணை எதிர்பார்த்துத்தான் இதைக் கேட்கிறார்கள். சட்டத்தில் அப்படி ஓர் எண் இல்லை. இரண்டு கோடிப் பயனர்களைக் கொண்ட சமூக ஊடகங்கள், மின்வணிக நிறுவனங்கள் போன்றவற்றுக்கு விதிகள் மூன்றாண்டு என்ற கெடுவைக் குறிக்கின்றன; பள்ளிக்கும் சங்கத்துக்கும் அது பொருந்தாது. நமக்கு உரியது 8ஆம் பிரிவு: எந்த நோக்கத்துக்காகப் படம் பெறப்பட்டதோ அந்த நோக்கம் இனி நிறைவேறிக்கொண்டிருக்கவில்லை என்று நியாயமாகக் கருதக்கூடிய நிலை வந்தாலோ, உரியவர் ஒப்புதலைத் திரும்பப் பெற்றாலோ, எது முதலில் நேர்கிறதோ அப்போது அழித்துவிட வேண்டும், வேறொரு சட்டம் வைத்திருக்கச் சொன்னால் மட்டும் வைத்திருக்கலாம்.

ஆகவே, "இந்தப் படத்தை எத்தனை ஆண்டு?" என்று கேட்பதைவிட, "இந்த நகல் எதற்காக?" என்று கேட்பதே பயன்தரும். பத்தாம் வகுப்பு செண்ட் ஆஃப் படம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். ஸ்டுடியோவில் பிரிண்டுக்காக இருக்கும் கோப்பு, எல்லாப் பிள்ளைகளுக்கும் படம் கிடைத்து, பிழையான பிரிண்டுகளை மாற்றிக் கொடுத்து முடித்ததும் வேலையற்றது. இரண்டு மூன்று மாதமே அதற்கு அதிகம். வகுப்பாசிரியரின் செல்போனில் இருக்கும் நகல், படம் பள்ளிக் கணினிக்கு வந்த அன்றே தேவையற்றது. நோட்டீஸ் போர்டிலும் பள்ளியின் பக்கத்திலும் இருப்பதை அடுத்த கல்வியாண்டு தொடங்கும்போது, அதாவது ஜூன் மாதத்தில், இறக்கிவிடலாம். பள்ளியின் காப்புத் தொகுப்பில் இருக்கும் ஒரே ஒரு நகல் மட்டும் நீண்ட காலம் இருக்கலாம், அப்படி இருக்கும் என்பதை முதலிலேயே பெற்றோரிடம் சொல்லியிருந்தால். ஒரே படத்துக்கு நான்கு கெடுக்கள் இருப்பதில் குழப்பம் எதுவும் இல்லை. நான்கு நகல்களுக்கும் ஒரே கெடு வைக்கும்போதுதான் குழப்பம் தொடங்குகிறது.

இந்தக் கெடுக்களை ஒரு பக்கத்தில் எழுதி, நிர்வாகக் குழுவில் தீர்மானமாக நிறைவேற்றி, மினிட்ஸ் புத்தகத்தில் ஏற்றிவிடுவது நல்லது. அழித்த நாளையும் அழித்தவர் பெயரையும் அதே புத்தகத்தில் ஒரு வரியில் எழுத வேண்டும். செய்ததாகச் சொல்வது வேறு, செய்ததைக் காட்ட முடிவது வேறு.

படத்தில் உள்ள நாற்பது பேரில் ஒருவர் மட்டும் தன் முகத்தை நீக்கச் சொன்னால் என்ன செய்வது?

மற்ற முப்பத்தொன்பது பேரின் நினைவையும் சேர்த்து அழிக்கச் சொல்ல அவருக்கு உரிமை இல்லை. தன்னுடையதை நீக்கச் சொல்ல முழு உரிமை உண்டு. ஒப்புதல் கொடுப்பது எவ்வளவு எளிதாக இருந்ததோ அதைத் திரும்பப் பெறுவதும் அவ்வளவு எளிதாக இருக்க வேண்டும் என்பது சட்டத்தின் சொல். படிவத்தில் ஒரு கையெழுத்து வாங்கிவிட்டு, விலகுவதற்கு மட்டும் நேரில் வந்து தலைமையாசிரியரிடம் காரணம் எழுதிக்கொடுக்கச் சொல்வது இந்த நெறிக்கு நேர் எதிரானது.

செய்ய வேண்டியவற்றின் வரிசை இது. முதலில் பொதுப் பார்வையில் இருக்கும் நகலை இறக்க வேண்டும். அடுத்து, பெயர்ப் பட்டியலில் இருந்து அவர் பெயரை நீக்க வேண்டும். அதன்பின் அவர் வரிசையின் ஓரத்தில் நின்றிருந்தால் படத்தை வெட்டலாம். நடுவில் இருந்தால் முகத்தை மறைக்க வேண்டும். மறைப்பதாக இருந்தால் முழுமையாக மறையுங்கள். இலேசாக மங்கலாக்கிய முகம் தெரிந்தவர்களுக்கு இன்னும் தெரியும். ஒன்றை இங்கே சொல்ல வேண்டும்: வரிசையின் நடுவே ஒரே ஒரு முகம் மட்டும் அழிந்திருந்தால், யார் அது, ஏன் என்று ஊர் முழுக்கக் கேட்கும். எனவே மறைத்த படத்தை அவருக்கு முதலில் காட்டி, இதுவா, படமே பொதுவில் இல்லாமல் இருப்பதா, எது வேண்டும் என்று கேட்டுவிட்டுச் செய்வதே மரியாதை.

அச்சிட்டு விநியோகித்துவிட்ட மலரைத் திரும்ப வாங்க வேண்டியதில்லை. ஒப்புதலைத் திரும்பப் பெறுவதற்கு முன் நடந்தவை செல்லும். பள்ளிக் கணினியில் உள்ள மூலக் கோப்பைப் பொறுத்தவரை, 2025இல் அறிவிக்கப்பட்ட விதிகளில் உள்ள விதி 8ஐயும் கவனிக்க வேண்டும். அரசு சட்டப்படி கேட்கக்கூடிய சில தேவைகளுக்காக, தரவையும் அதன் கையாளுகைப் பதிவுகளையும் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க அது சொல்கிறது. ஆகவே பொதுவிலிருந்து உடனே எடுத்துவிடுங்கள். கடவுச்சொல் போட்ட இடத்தில் அந்தக் காலம் முடியும்வரை பூட்டிவைத்து, பின்னர் அழியுங்கள். இதையே பதிலாக எழுதி அவருக்கும் அனுப்பிவிட்டால் பிறகு சண்டை வராது.

பிள்ளைகளுக்கு யார் ஒப்புதல் தர வேண்டும்?

பதினெட்டு வயது நிறையாதவர்களுக்குப் பெற்றோரோ சட்டப்படியான பாதுகாவலரோ தர வேண்டும். அவர் பெற்றோர்தான் என்பதைச் சரிபார்க்கவும் வேண்டும். ஏற்கெனவே தன்னிடமுள்ள நம்பகமான அடையாள, வயது விவரங்களைக் கொண்டு சரிபார்க்க விதி இடம் தருவதால், அட்மிஷன் ரிஜிஸ்டர் வைத்திருக்கும் பள்ளிக்கு இது பெரிய வேலை அல்ல. சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் "எல்லாவற்றுக்கும் சம்மதம்" என்று ஒரு வரியைச் சேர்த்துவிடுவது செல்லாது. ஒப்புதல் குறிப்பிட்டதாகவும், நிபந்தனையற்றதாகவும், தெரிந்தே கொடுத்ததாகவும் இருக்க வேண்டும். இப்படி எழுதிப் பாருங்கள்:

"உங்கள் மகன்/மகள் இடம்பெறும் வகுப்புக் குழுப் படத்தை இந்த ஆண்டு எடுக்கிறோம். பிரிண்ட் போட்டுத் தருவதற்கு ஒப்புக்கொள்கிறேன்: ஆம்/இல்லை. பள்ளி நோட்டீஸ் போர்டில் அடுத்த ஜூன் வரை வைக்க ஒப்புக்கொள்கிறேன்: ஆம்/இல்லை. பள்ளியின் இணையப் பக்கத்தில் பெயரின்றி வெளியிட ஒப்புக்கொள்கிறேன்: ஆம்/இல்லை. பள்ளியின் காப்புத் தொகுப்பில் நிரந்தரமாக வைக்க ஒப்புக்கொள்கிறேன்: ஆம்/இல்லை. எப்போது வேண்டுமானாலும் இந்த எண்ணுக்கு ஒரு செய்தி அனுப்பி விலகிக்கொள்ளலாம். எங்கள் பதிலில் நிறைவு இல்லையென்றால் தரவுப் பாதுகாப்பு வாரியத்தில் முறையிடலாம்."

"இல்லை" என்று குறித்த வீட்டுப் பிள்ளையைப் படம் எடுக்கும்போது தனியே வராந்தாவில் நிற்கவைப்பது எந்தச் சட்டத்திலும் இல்லாத தண்டனை. எல்லாரையும் வைத்து ஒரு படம், வெளியிடுவதற்கு ஒப்பியவர்களை மட்டும் வைத்து இன்னொரு படம் என்று இரண்டு முறை எடுத்தால் போதும். பிரிண்டே வேண்டாம் என்றவர் இருந்தால் மட்டும் பெற்றோரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிள்ளைக்குப் பதினெட்டு நிறைந்தபின், அந்த ஒப்புதலைத் தொடர்வதா விடுவதா என்பது அவர் கையில்.

அறிவிப்பு எந்த மொழியில் இருக்க வேண்டும்?

ஆங்கிலத்திலோ, அரசியலமைப்பின் எட்டாம் அட்டவணையில் உள்ள 22 மொழிகளில் ஏதேனும் ஒன்றிலோ படித்துக்கொள்ளும் வாய்ப்பைத் தர வேண்டும் என்கிறது 5ஆம் பிரிவு. தமிழும் மலையாளமும் அவற்றில் உண்டு. நம் பகுதியில் இரண்டையும் ஒரே தாளில் முன்னும் பின்னுமாக அச்சிடுவதே நடைமுறைக்கு ஒத்தது.

படம் மட்டும்தானே, பெயர்ப் பட்டியலில் என்ன வந்துவிடும்?

படத்தைவிடப் பட்டியல்தான் தீங்கு செய்யும் என்பது எங்கள் கருத்து. பழைய ஸ்டுடியோ படங்களின் அடியில் ஒட்டிய அட்டையில், "நிற்பவர்கள் இடமிருந்து வலம்" என்று தொடங்கிப் பேனாவால் எழுதிய வரிசையைப் பார்த்திருப்பீர்கள்; சிலவற்றின் பின்புறம் பென்சிலால் தகப்பன் பெயர், வீட்டுப் பெயர், சில நேரம் சாதியும்கூடக் குறித்திருக்கும். முன்புறத்தை ஸ்கேன் செய்யும் கையோடு பின்புறத்தையும் ஸ்கேன் செய்து ஒரே பி.டி.எப். ஆக்கிவிடுகிறார்கள். இப்போது அது முகம், பெயர், குடும்பம், படித்த ஆண்டு, ஏறக்குறைய வயது எல்லாம் ஒன்றுசேர்ந்த ஆவணம். மோசடி அழைப்பு விடுப்பவருக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

படம் ஒரு கோப்பு, பட்டியல் வேறொரு கோப்பு என்று பிரித்து, பட்டியலைத் திறக்கும் உரிமையை இருவருக்கு மட்டும் கொடுங்கள். சாதி, சலுகைக் கட்டணம், மதிப்பெண் போன்ற குறிப்புகளைப் பட்டியலில் ஏற்றவே வேண்டாம். கோப்பின் பெயரில் பிள்ளைகளின் பெயரை எழுதாமல், வகுப்பும் ஆண்டும் ஓர் எண்ணும் இருந்தால் போதும்.

ஸ்டுடியோக்காரர் தன்னிடமே எல்லா நகல்களும் இருக்கும் என்கிறார். சரியா?

பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபட்சத்தில், எடுக்கச் சொன்னவரே முதல் பதிப்புரிமையாளர் என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்கிறது. நெகட்டிவ் தன் கையில் இருப்பதால் உரிமையும் தன்னுடையது என்ற ஸ்டுடியோ வழக்கத்துக்குச் சட்டத்தில் இடமில்லை. அதே நேரத்தில், பதிப்புரிமை பள்ளியிடம் இருப்பதாலேயே பிள்ளைகளின் தரவு பள்ளியின் சொத்தாகிவிடாது, இரண்டும் தனித்தனி.

பள்ளிக்காக வேலை செய்யும் ஸ்டுடியோ, சட்டத்தின் பார்வையில் தரவைக் கையாளும் ஒப்பந்தக்காரர். அவர் தவறு செய்தாலும் பதில் சொல்ல வேண்டியது பள்ளி. அதனால் கொட்டேஷன் வாங்கும்போதே, பிரிண்ட் கொடுத்து முடிந்த எத்தனை நாளில் அவர் கணினியிலும் மெமரி கார்டிலும் இருப்பதை அழிப்பார், கடையின் முகப்பிலும் ரீல்ஸிலும் போடமாட்டார் என்பதை எழுத்தில் வாங்குங்கள். அவரே தனியாகப் பெற்றோரிடம் பிரிண்ட் விற்பதானால், அந்த விற்பனைக்கு அவரும் தரவுப் பொறுப்பாளர்.

எங்கே சேமிப்பது பாதுகாப்பு?

ஒரே இடத்தில் சேமிக்காமல் இருப்பதே முதல் பாதுகாப்பு. தரவை அனுமதியின்றிப் பார்ப்பதை மட்டுமல்ல, அது தற்செயலாக அழிந்து எட்டாமல் போவதையும் சட்டம் மீறலாகவே எண்ணுகிறது. ஒரே ஹார்டு டிஸ்கில் இருந்த படங்கள் அது கெட்டுப்போனதும் தொலைந்தால், அதுவும் கணக்கில் வரும். பள்ளிக் கணினியில் ஒன்று, கடவுச்சொல்லால் குறியாக்கம் செய்த வெளி டிஸ்கில் ஒன்று, பள்ளிக்கு வெளியே ஒன்று என்று மூன்று நகல்கள் வேண்டும். கிளவுடில் வைக்கலாம், மத்திய அரசு தடைசெய்து அறிவிக்கும் நாடுகளைத் தவிர மற்ற இடங்களுக்குத் தரவு செல்வதை 16ஆம் பிரிவு தடுக்கவில்லை. ஆனால் அந்தக் கணக்கு பள்ளியின் பெயரில் இருக்க வேண்டும், இடமாற்றமாகிப் போகும் ஓர் ஆசிரியரின் சொந்த ஜிமெயிலில் இருக்கக் கூடாது. "இணைப்பு உள்ள எவரும் பார்க்கலாம்" என்ற அமைப்பை அணைத்துவிடுங்கள். முகங்களைத் தானே இனம்கண்டு குழுக்களாகப் பிரிக்கும் வசதி இருந்தால் அதையும் அணையுங்கள். யாரும் கேட்காத ஒரு புதிய நோக்கம் அது.

செல்போனில் எடுத்த படத்தின் உள்ளே எடுத்த இடமும் நேரமும் பதிவாகியிருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்புகள் உதிர்ந்துவிடும். தரம் குறையாமல் இருக்கட்டும் என்று டாக்குமெண்டாக அனுப்பினால் அப்படியே போகும். வாட்ஸ்அப் குழுவைச் சேமிப்பிடமாக நினைக்கவே கூடாது. குழுவில் இருநூறு பேர் இருந்தால் அது இருநூறு நகல். அவரவர் செல்போனில் சேமித்துவிட்டால் ஒன்றைக்கூட உங்களால் அழிக்க முடியாது.

ஸ்கேன் செய்தபின் மூலப் பிரிண்டைத் தூக்கி எறிய வேண்டாம். எடவப்பாதி மழையில் (தென்மேற்குப் பருவமழையில்) சுவரோடு ஒட்டிய பிரேமுக்குள் ஈரம் ஏறிப் பூஞ்சை பிடிக்கும். ஜூனுக்கு முன் கழற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலத்துடன் மூடிய பெட்டியில் வைப்பது நல்லது. லேமினேஷன் மட்டும் செய்துவிடாதீர்கள். பிறகு பிரிக்க முடியாது.

எங்கள் பள்ளியில் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்தும் பிள்ளைகள் படிக்கிறார்கள். எந்த மாநிலச் சட்டம்?

இது மத்தியச் சட்டம். எல்லையின் எந்தப் பக்கத்தில் வீடு இருந்தாலும் உரிமை ஒன்றே.

தொழிலுறப்பு வேலையிடத்தில் எடுக்கும் படங்களுக்கு ஒப்புதல் கேட்பதில்லையே?

மகாத்மா காந்தி ஊரக வேலைத் திட்டத்தில் 2023 ஜனவரி 1 முதல், பணியிடத் தொழிலாளர்களை இடக்குறிப்புடன் ஒரு நாளில் இருமுறை படமெடுத்து, என்.எம்.எம்.எஸ். செயலியில் வருகை பதிவது கட்டாயமாக்கப்பட்டது. அரசு நலத்திட்டப் பயன்களை வழங்குவதற்காகத் தரவைக் கையாள ஒப்புதல் தேவையில்லை என்று 7ஆம் பிரிவு சில வரம்புகளோடு அனுமதிக்கிறது. அந்த அனுமதி வருகைப் பதிவுக்கு மட்டுமே. அதே படத்தைப் பணியிட மேற்பார்வையாளரான மேட் தன் செல்போனில் தனியாக வைத்துக்கொள்வதோ, அயல்கூட்டக் குழுவில் வாழ்த்துப் படமாகப் போடுவதோ அதற்குள் வராது. மண்வெட்டியோடு வியர்த்து நிற்கும் நேரத்தில் எடுத்த படம் ஊருக்கெல்லாம் போவதைப் பல பெண்கள் விரும்புவதில்லை என்பதைச் சட்டம் வந்துதான் சொல்ல வேண்டும் என்பதில்லை.

படத்தில் இருப்பவர் இறந்துவிட்டிருந்தால்?

தன் மறைவுக்குப் பின் தன் உரிமைகளைச் செலுத்த ஒருவரை நியமிக்க 14ஆம் பிரிவு வழி செய்கிறது. நியமனம் எதுவும் இல்லாதபோதும் குடும்பத்தார் கேட்டுக்கொண்டால் பொதுப் பார்வையில் இருந்து எடுத்துவிடுவதே முறை.

படங்கள் வெளியே கசிந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?

பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். வாரியத்துக்கும் உடனே தெரிவித்து, முழு விவரத்தை 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும். ஊருக்குத் தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று மூடிவைப்பதுதான் பெரிய தவறு. பாதுகாப்பு ஏற்பாடு செய்யாததற்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரையிலும், கசிவைத் தெரிவிக்காததற்கும் குழந்தைகள் தொடர்பான கடமைகளை மீறியதற்கும் 200 கோடி வரையிலும் போகலாம். இவை உச்சவரம்புகள், மீறலின் தன்மை, அளவு, எடுத்த நடவடிக்கை எல்லாவற்றையும் பார்த்தே வாரியம் முடிவு செய்யும். எனவே அந்த எண்களைக் காட்டி ஒரு வாசகசாலைச் செயலாளரைப் பயமுறுத்துவதில் அர்த்தமில்லை.

புகார் தருபவர் நேராக வாரியத்துக்குப் போகலாமா?

போக முடியாது. முதலில் பள்ளியிடமோ சங்கத்திடமோ முறையிட வேண்டும். அதிகபட்சம் தொண்ணூறு நாளுக்குள் தீர்வு சொல்ல வேண்டும் என்பது விதி. அதற்குப் பிறகே வாரியம். பொய்ப் புகார் கொடுப்பவருக்கும் பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் உண்டு.

சங்கம் கலைந்துபோனால் படங்கள் யாருக்கு?

கடைசிச் செயலாளர் வீட்டு அலமாரிக்குப் போவதுதான் இதுவரையுள்ள வழக்கம். அது கூடாது. கலைக்கும் தீர்மானத்திலேயே, காப்புத் தொகுப்பு எந்த வாசகசாலைக்கோ பள்ளிக்கோ போகிறது, எந்தக் கோப்புகள் அழிக்கப்படுகின்றன என்று எழுதுங்கள். உறுப்பினர்களுக்கு ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து, மாற்றித் தருவதை விரும்பாதவர்களின் பெயரை நீக்கிய பிறகே ஒப்படையுங்கள். பெறுபவர் கையெழுத்திட்ட ரசீதோடு கிளவுட் கணக்கின் கடவுச்சொல்லும் கைமாற வேண்டும். மாறிய அன்றே புதிய நிர்வாகி அதை மாற்றிவிட வேண்டும்.